கானல் 500

விளக்கை அணைத்தும் நாச்சிமுத்துவுக்குத் திருப்தி வரவில்லை. கதவுக்கடியில் பழைய கம்பளியைத் திணித்து, சாவித் துவாரத்தைப் பஞ்சால் அடைத்து, ஜன்னலை மறைத்து ஆணியடித்திருந்த தார்ப்பாயை ஓரம் ஓரமாகக் கையால் தடவிப் பார்த்து, அதற்குப் பிறகும் இருட்டில் கண்ணை அகல விழித்தபடி நின்றார். ஒரு பொட்டு வெளிச்சம் எங்காவது ஒளிந்திருந்தால் இந்நேரம் தலையைக் காட்டியிருக்கும். காட்டவில்லை. ஆனாலும் வெளிச்சத்தை நம்ப முடியாது. அவர் நம்பாதவற்றில் வெளிச்சத்துக்குத்தான் நெடுநாளாக முதலிடம். அதற்குப் பின்னால் பால்காரர், பழக்கடைத் தராசு, கண்ணாடிக் கடைக்காரர் சொல்லும் பவர், பஸ் கண்டக்டர் சொல்லும் "அடுத்த ஸ்டாப்பிங்தானுங்க" எல்லாம் வரும். கொஞ்ச நாளாக அந்த முதலிடத்தை ஒரு பையன் பிடித்துக்கொண்டிருந்தான். பெயர் இளம்பரிதி, ஊர் அந்தியூர். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று மகள் தாரணி ஒற்றைக்காலில் நிற்கும் பையன். இன்று பொழுது சாய்வதற்குள் சரி அல்லது மாட்டேன், இரண்டில் ஒன்றை நாச்சிமுத்து சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் கையிலிருக்கும் இந்தப் பிலிம் ரோலைக் கழுவிப் பார்க்க வேண்டும். ரோலுக்குள் இருப்பது அந்தப் பையனுடைய வீடு. ரோலும் அந்தப் பையன் தன் லேபிள் ஒட்டி விற்கிற ரோல். ஒரே கையில் இரண்டு சந்தேகம். கோயமுத்தூர் ரத்தினபுரியில், சொந்த வீட்டு மாடியில், கூடப் பிறந்ததுபோலப் பழகிய இந்தப் பிலிம் கழுவும் இருட்டு அறையில் நிற்கும்போதும் அவர் கை தார்ப்பாயின் ஓரத்தை இன்னொரு தரம் தடவியது.

ரோலின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த நாக்கைப் பிடித்து மெதுவாக இழுத்தார். டப்பாவை உடைக்காமல் வாய் வழியாகவே இழுத்து, கடைசியில் கத்தரியால் நறுக்கிவிடுவது அவர் வழக்கம். டப்பாமேல் இருந்த லேபிளின் ஓரம் விரலில் இடறியது. நேராகத்தான் ஒட்டியிருந்தான். கானல் 500 என்று செக்கச்செவேலென்று எழுதி, பக்கத்தில் ஒரு பாதி சூரியன். கானல்! எந்தப் புத்தியுள்ளவன் தான் விற்கிற சரக்குக்குக் கானல் என்று பேர் வைப்பான்? இருக்கிற மாதிரி தெரியும், கிட்டப் போனால் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டேனே என்று நாளைக்குக் கை கழுவுவதற்கா? ஆனால் இந்தக் காலத்தில் எல்லாப் பிலிமுமே அப்படித்தான் இருக்கிறது. கலர் பிலிம் பூசுகிற தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெட்டிகளோ மாதத்துக்கு ஒரு பேரில் வந்து இறங்குகின்றன. ஒன்றில் பனைமரம், ஒன்றில் பூனை, ஒன்றில் வெறும் ஒரு வட்டம். கல்லூரிப் பசங்கள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார்கள். "சார், இது புதுப் பிலிம் சார், டோனே வேற." கழுவித் தொங்கவிட்டு, ஓரத் துளைகளுக்கு மேலே தொழிற்சாலை பதித்திருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் அதே பழைய ஆசாமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருப்பான். சொன்னால் பசங்கள் முகம் வாடும். "கெடைக்கறதே பெருசு சார்" என்பார்கள். அதுவும் சரிதான். நல்ல பேர் போட்ட பெட்டி வேண்டுமென்றால் துபாயிலிருந்து யாராவது மாமா கொண்டுவர வேண்டும். ஆசை இருக்கிற இடத்தில் சரக்கு இல்லையென்றால் நடுவில் ஒருவன் வந்து நிற்பான், அவன் வாயில் வந்ததுதான் வம்சாவளி. அப்படி வந்து நின்றவன்தான் இளம்பரிதி என்பது நாச்சிமுத்துவின் தீர்மானம். பிலிமின் முதுகு ஆள்காட்டி விரலில் உரசிக்கொண்டே போனது. வழக்கமான வழவழப்பு இல்லையோ? இருட்டில் விரலுக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும் என்று விட்டுவிட்டார்.

முதல்முதல் அவன் இந்த மாடிக்கு வந்தது தாரணி கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த வருஷம். அப்போது வெறும் பிலிம் வியாபாரம்தான், கல்யாணப் பேச்சு முளைக்கவில்லை, அல்லது முளைத்திருந்து அவருக்குத் தெரியவில்லை, அதிலும் ஒரு சந்தேகம் அவருக்கு உண்டு. வந்து நின்ற மேனிக்கே ஒப்பித்தான். "சார், இது சினிமா பிலிமுங்க. வெளம்பரப் படம் எடுக்கற கம்பெனி ஒண்ணு மூடறப்ப சீல் பிரிக்காத டின்னுங்க மிச்சம் இருந்துச்சுங்க. அத வாங்கி இருட்டுல வெட்டிச் சுத்தறேன். முதுகுல கரிப் பூச்சு இருக்குதுங்க. சலவை சோடாத் தண்ணில ஊறவெச்சு உதறிட்டுத்தான் டெவலப்பர் ஊத்தோணுங்க." கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காமலே உண்மையை எடுத்து நீட்டுகிறவனை எப்படி நம்புவது? களவாணிதான் முந்திக்கொண்டு பேசுவான். சாதாரணப் பிலிமைச் சினிமாப் பிலிம் என்று சொன்னால் மவுசு கூடும், பசங்கள் மொய்ப்பார்கள்; முதுகில் கரி இருக்கிறது என்றால் எவன் சோதித்துப் பார்க்கப் போகிறான்? எல்லாரும் பயந்து சோடாவில் நனைத்துத்தான் கழுவுவார்கள், இருந்த கரி போயிற்றா இல்லாத கரி போயிற்றா என்று யாருக்குத் தெரியும்? போகும்போது, "காலி டப்பா ஏதாச்சும் இருந்தாக் குடுங்க சார், சுத்தறதுக்கு ஆவும்" என்றான். மேஜைக்கடியில் வாளி இருக்கிறது, அள்ளிக்கோ என்று கையைக் காட்டியதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவன் பேருக்கு முன்னால் 'ரு' என்று இருந்தது. ரு என்றால் ராமசாமியும் இல்லை, ரங்கசாமியும் இல்லை. பிறகு தெரிந்தது, ருக்மணி. அம்மா பேர்.

"ஏனுங்க!" கதவுக்கு வெளியே சாந்தாமணியின் குரல். நாச்சிமுத்து பதறிப்போய் பிலிமை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கதவத் தொறந்துறாத!"

"தொறக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இதே பாட்டு. சோறு ஆறுது."

"ஆறட்டும்."

"புள்ள ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டா. அந்தியூர்ல பையனோட அம்மா பதில் தெரியாம உக்காந்திருக்குதாம்."

"உக்காரட்டும். உக்காந்தா தேஞ்சு போயிருவாங்களா?"

சாந்தாமணி படி இறங்கினாள். அவள் இறங்கும் சத்தத்திலேயே அவள் எந்தக் கட்சி என்று தெரிந்தது. வீட்டில் இரண்டு ஓட்டு அந்தப் பக்கம் விழுந்தாகிவிட்டது, இவருடைய ஒரு ஓட்டுதான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் இவர் இழுக்காவிட்டால் யார் இழுப்பார்கள்? கண் காணாத இடத்தில் பெண்ணைக் கொடுக்கிறவன் விசாரிக்காமல் கொடுப்பானா? விசாரித்தார். துருவித் துருவி விசாரித்தார். அந்தியூர்ச் சந்தைக்கு மாட்டு வியாபாரத்துக்குப் போய்வரும் பெரியப்பா மகன் சுப்பண்ணனைத்தான் கேட்டார். சுப்பண்ணன் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அந்தப் பொம்பள மாவு மில் வெச்சிருக்குது. புருசன் எங்க போனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஓடிட்டான்கறாங்க, தொரத்தி விட்டுட்டாங்கறாங்க. ஒண்ணு மட்டும் நெசம் தம்பி, மில்லு வாசலோட சரி, ஒரு ஈ காக்காயக்கூட வீட்டுக்குள்ள உடாது. உள்ள என்ன இருக்குதுன்னு ஊருக்குள்ள எவனும் பாத்ததில்ல." அதைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கதவைத் திறக்காத வீடு. அப்பன் பேர் இல்லாத பிள்ளை. வேறு எவனோ பூசிய பிலிமுக்குத் தன் பேரை ஒட்டி விற்கிற தொழில். மூன்றும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. மாப்பிள்ளை வீடு பார்க்க வரச்சொல்லி மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள், இவர் போகவில்லை. போய் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் பாதி சம்மதம் சொன்ன மாதிரி. அப்புறம் வாயைத் திறக்க முடியாது.

அப்போதுதான் தாரணி அந்த யோசனையைச் சொன்னாள். யோசனையா அது, சவால். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "நேர்ல வர மாட்டீங்க. போன்ல படம் எடுத்துக் காட்டுனா மாத்தி அனுப்பிச்சுட்டாங்கம்பீங்க. வீடியோ போட்டா வேற எவன் வீடோன்னுவீங்க. நீங்க நம்பறது ஒண்ணே ஒண்ணுதான். நெகட்டிவ். நானே போயி வீட்ட எடுக்கறேன். அவரு பிலிம்லயே எடுக்கறேன். நீங்களே கழுவிப் பாத்துக்கங்க. அப்பறம் வேண்டாம்னீங்கன்னா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்." அந்தக் கடைசி வரிதான் இத்தனை நாளும் நெஞ்சில் சிக்கிக்கொண்டு இறங்க மறுக்கிறது. ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றால் கல்யாணத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்றா, இவரோடே பேச மாட்டேன் என்றா? கேட்கப் பயந்துகொண்டு விட்டுவிட்டார். தாரணி பேசாமல் இருக்கத் தெரிந்தவள். பத்தாம் வகுப்பில், அவள் தோழி எழுதிய பிறந்தநாள் வாழ்த்தை எவனோ எழுதினான் என்று இவர் பிரித்துப் படித்தபோது முழுப் பரீட்சை வரைக்கும் பேசவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், சைக்கிள் சாவியை எடுத்து நீட்டினால் வாங்கிக்கொண்டாள், பேச மட்டும் இல்லை. அந்த மௌனம் வீட்டுக்குள் புகை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இனி அப்படி ஒன்று வந்தால் முடிவதற்குப் பரீட்சையும் கிடையாது. பயமாக இருந்தது. இருட்டு என்பதால் பயத்தை முகத்தில் மறைக்கும் வேலை இல்லை. கத்தரியைத் தேடினார்.

பிலிம் முழுக்க வெளியே வந்து, இழுத்த இழுப்புக்கு நின்றது. விரலில் ஒரு ஒட்டு நெருடியது. டேப் ஒட்டு. சரி, சுற்றி விற்கிறவன் எல்லாரும் எங்கேயாவது ஒட்டத்தானே செய்வான். ஒட்டுக்கு இந்தப் பக்கமாகக் கத்தரியை வைத்து நறுக்கினார். அவர் இடது கைக்காரர், கத்தரியோ வலது கைக்காரர்களுக்குச் செய்தது, எதை வெட்டினாலும் ஒரு பக்கம் இறங்கிக் கோணலாகத்தான் விழும். பரிசுப் பொருளுக்குக் காகிதம் வெட்டினால்கூட, "அப்பா வெட்டு" என்று தாரணி சின்ன வயதில் கேலி செய்வாள். பிலிமைச் சக்கரத்தில் ஏற்றி, வெளிச்சம் புகாத டாங்கில் இறக்கி, மூடியைத் திருகி, திருகியது திருகியதுதானா என்று இன்னொரு தரம் திருகிப் பார்த்து, விளக்கைப் போட்டார். கண் கூசியது. மேஜைமேல் காலி டப்பா கிடந்தது. அதன் வாயில் பிலிம் துண்டு ஒன்று, அதன் நுனியில் டேப். அதைப் பார்த்ததும் யோசனை பளிச்சென்று வந்தது. முதுகில் கரி இருக்கிறது என்றானே. டாங்குக்குள் இருப்பதைத் திறந்து பார்க்க முடியாது, இதைப் பார்க்கலாமே! சோடாத் தண்ணீரில் விரலை நனைத்து, டப்பா வாயில் நீட்டியிருந்த அந்தத் துண்டின் முதுகில் வைத்துத் தேய்த்தார். தேய்த்த விரலை விளக்குக்கு நேரே பிடித்தார். சுத்தம். திரும்பவும் அழுத்தித் தேய்த்தார். குழந்தை விரல் மாதிரி சுத்தமாக இருந்தது. கரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாதாரணப் பிலிம்! நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. நியாயமாக இப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. ஒட்டு எதற்கு அங்கே இருந்தது என்று ஒரு கேள்வி தலை தூக்கியது. பெரிய கேள்வி கையில் இருக்கும்போது சின்னக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

இனிச் சோடாவில் ஊறவைப்பது முட்டாள்தனம். இல்லாத கரிக்காகச் சாதாரணப் பிலிமை நனைத்தால் நிறம் திரியும் என்பது அவர் கட்சி. அதைவிட, நனைக்காமலே படம் சுத்தமாக வந்து நின்றால் அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எடுத்து நீட்டுவார். பாரும்மா, உன் ஆள் சொன்ன கரி எங்கே? வெந்நீர்த் தொட்டியில் நின்ற டெவலப்பர் பாட்டிலை எடுத்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, தெர்மாமீட்டரையும் பார்த்து, டாங்கில் ஊற்றினார். கவிழ்த்தார், நிமிர்த்தினார், மேஜையில் ஒரு தட்டு. கவிழ்த்தார், நிமிர்த்தினார். இதமான சூடு உள்ளங்கைக்கு ஏறியது. தாரணி பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் போட்டு வைத்திருந்தார்கள். இவ்வளவு வெளிச்சம் குழந்தைக்கு ஆகுமா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "வெளிச்சம் பட்டாத்தானுங்க சரியாகும்" என்றாள். அதையும் அவர் நம்பவில்லை, மூன்று நாளும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். வெளியே எடுத்துக் கையில் கொடுத்தபோது இதே சூடுதான். கவிழ்த்தார், நிமிர்த்தினார். சாயங்காலம் என்ன சொல்வது? கண்ணு, கோபப்படாமக் கேளு. பிலிம்ல பொய் சொல்றவன் வீட்ல என்ன சொல்லுவான்? அவள் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் வாக்குக் கொடுத்திருக்கிறாளே. தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். நாளைக்குக் காலையில் காப்பி குடிப்பாள், வேலைக்குப் போவாள், வருவாள். நாலு மாதம் கழித்துப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வாள், அம்மா வந்து இவரிடம் சொல்வாள். வேண்டாம், பிலிம் பொய்யாக இருக்கக் கூடாது என்று திடீரென்று நினைத்தார். நினைத்ததும் பயந்துபோனார். எதற்காக இந்த நினைப்பு? விரல் சுத்தமாக இருந்ததை அவரே பார்த்தாரே. கண்ணால் பார்த்ததையும் நம்பாவிட்டால் பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

நேரம் ஆயிற்று. டெவலப்பரைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்ற, புனலை வைத்து டாங்கைச் சாய்த்தார். கறுப்பாக வந்தது. முதலில் விளக்கின் நிழல் என்று நினைத்தார். நிழல் புனலில் தேங்காது, இது கட்டி கட்டியாகத் தேங்கியது. அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி குழம்பிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் இறங்கியது. சட்டென்று பாட்டிலைத் தூக்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். போயிற்று, நாளைக்கு வரப்போகும் பசங்களின் ரோல்களுக்கும் சேர்த்துக் கலந்து வைத்திருந்த டெவலப்பர். தொட்டியின் வெள்ளைப் பீங்கானில் கரி ஓடி ஓடிக் கோடு போட்டது. கரி இருந்திருக்கிறது! முதுகு முழுக்க இருந்திருக்கிறது! பின்னே விரலில் ஏன் வரவில்லை? இரண்டு பிலிமை ஒட்டி விற்கிறானா? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று? ஆளை மாட்டிவிடுவதற்கென்றே, நாச்சிமுத்து சோதித்துப் பார்ப்பார் என்று தெரிந்துகொண்டே வைத்த பொறியா? கைகள் தம் போக்கில் வேலை செய்தன. பிளீச் ஊற்றின, கவிழ்த்தன, நிமிர்த்தின, தட்டின. மனசு மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நனைக்கச் சொன்னான். உதறச் சொன்னான். பெட்டியில்கூட அச்சடித்திருந்தான். இவர்தான் செய்யவில்லை. இல்லை, ஏதோ சூது இருக்கிறது. ஒட்டு. அந்த ஒட்டு எதற்கு அங்கே இருந்தது?

பிளீச்சை மாற்றி ஃபிக்ஸரை ஊற்றிவிட்டு, காலி டப்பாவைக் கையில் எடுத்தார். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தார். டேப்புக்கு அடியில் இரண்டு பிலிம் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. டேப்போடு வந்தது நகத்துண்டு அளவு சினிமாப் பிலிம். அதன் முதுகு மையிட்ட கறுப்பு. ஈர விரலை வைத்ததும் விரல் கறுத்தது. அதன் ஒரு பக்கம் இளம்பரிதி வெட்டியது, ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தது. மறுபக்கம் சற்றுமுன் இருட்டில் இவர் வெட்டியது, கோணல். டப்பாவின் வாயிலேயே தங்கிவிட்ட மற்றத் துண்டுதான் விரலைச் சுத்தமாக விட்ட சாதாரணப் பிலிம். எப்போதோ யாருடைய ரோலையோ கழுவிவிட்டுத் தூக்கி எறிந்த டப்பாவில் மிஞ்சிப்போன வால். அந்த வாலோடுதான் அவன் தன் பிலிமை ஒட்டிச் சுற்றியிருக்கிறான். அதன் நுனியையும் நாச்சிமுத்து பார்த்தார். ஒரு பக்கம் இறங்கிய கோணல் வெட்டு. இன்றைக்கு வெட்டியதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே இறக்கம், ஒரே கோணல். லேபிளைச் சுரண்டினார்; பாதி சூரியனுக்கு அடியில் பழைய கம்பெனி டப்பாவின் பச்சை தெரிந்தது, அதன்மேல் வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்தை அவர் கையாலேயே எழுதிய மார்க்கர் கிறுக்கல். மேஜைக்கடியில் வாளி இருந்தது. அள்ளிக்கோ என்று கையைக் காட்டியது இந்தக் கைதான். பால்காரரிலிருந்து தராசுவரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுஷன், சாட்சிக்கு என்று கூப்பிட்டு நிறுத்தியது தன்னுடைய குப்பையை. அவமானம் காதுவரை சூடாக ஏறியது. அறையில் யாரும் இல்லாததும் ஒரு உதவிதான்.

ஆனால் வீடு? வீடு என்ன ஆயிற்று? மூடியைத் திறந்து பிலிமை வெளியே எடுத்தார். ஒன்றுமே தெரியவில்லை, தார் பூசிய ரிப்பன் மாதிரி இருட்டாக இருந்தது. குழாயைத் திறந்து, சோடாத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, முதுகை ஒரு முழம் ஒரு முழமாகத் துடைத்தார். கரி வழிந்து முழங்கைவரை ஓடியது. துடைத்த இடத்தில் ஆரஞ்சு நிறம் தெளிந்து, அதற்குள் ஒரு ஜன்னல் தெரிந்தது. இருக்கிறது! படம் இருக்கிறது! வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும்தான் இருக்கும், அவர் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வார், இத்தனை வருஷப் பழக்கம். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒல்லியாக ஒரு நடுவயதுப் பெண், காதுக்குப் பின்னால் மாவு ஒட்டிய தலை, கேமராவைப் பார்க்கத் தெரியாமல் பக்கத்தில் பார்த்துக்கொண்டு. ருக்மணி. அடுத்த படத்தில் அவள் பீரோவைத் திறந்துகொண்டு நின்றாள், மடித்த நாலைந்து சேலை, மேல்தட்டில் ஒரு பை. அடுத்ததில் சாமி அறைக் கதவைத் திறந்துகொண்டு. அடுத்ததில் சமையலறை. அலமாரிக் கதவுகள் திறந்திருந்தன. அது போதாது என்று டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். மாவு, பருப்பு, மிளகாய், சர்க்கரை. உப்பு ஜாடியின் மூடிகூடத் திறந்திருந்தது. அடுத்ததில் ஃபிரிட்ஜ். கறிவேப்பிலைக்கும் தோசைமாவுத் தூக்குக்கும் பக்கத்தில், சூட்டில் கெடாமல் இருக்க வைத்த வட்டமான பிலிம் டின்கள், தொழிற்சாலைச் சீல் கேமராவைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்தால் படித்துவிடலாம். அவர் பூதக்கண்ணாடியைத் தேடவில்லை. ஊரில் ஒரு ஈ காக்கையை உள்ளே விடாதவள் இவருக்காக எல்லாவற்றையும் திறந்து காட்டியிருக்கிறாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், பெண்ணோட அப்பா எதையும் நம்ப மாட்டார் என்று. அந்தத் திறந்த மாவு டப்பாக்களின் மேலும், அவள் முகத்திலும், பஞ்சுக்கு மசியாமல் கரிப் பொட்டுகள் அங்கங்கே அப்பிக்கொண்டிருந்தன. எவ்வளவு துடைத்தும் சில போகவில்லை. அதை அப்பியது அந்தியூர்க்காரன் அல்ல. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது, கரிக்கை என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

மேஜையில் போன் அதிர்ந்தது. தாரணி. சுண்டுவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, கழுவிட்டீங்களா? வந்துச்சுங்களா?"

அந்த நிமிஷம் அவர் நாக்கு நுனியில் ஒரு வரி தயாராக வந்து நின்றது. டூப்ளிகேட் பிலிம் கண்ணு, ஒண்ணும் வரல. அவ்வளவு போதும். கரியையும் டெவலப்பரையும் தண்ணீர் விட்டு ஓட்டினால் தொட்டி சுத்தமாகிவிடும், டப்பாவை வாளியில் போட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பிலிமுக்கு வாய் இருக்கிறதா என்ன? எல்லாரும் எல்லாக் காலத்திலும் பிலிம்மேல்தான் பழியைப் போட்டிருக்கிறார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றில் தொங்கவிட்டிருந்த பிலிமில் ருக்மணி பீரோவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துச்சு கண்ணு. பாதிய நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

"நீங்களா?"

"பிலிம் நல்ல பிலிம். அந்தத் தம்பி என்ன சொல்லுச்சோ அப்படியேதான் இருந்துச்சு. சோடாவுல நனைக்கச் சொல்லுச்சு, நாந்தான் நனைக்கல."

"நெசமாத்தான் சொல்றீங்களாப்பா?" என்றாள். குரலில் அப்பட்டமான சந்தேகம். அது எங்கிருந்து வந்தது என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை, அவருடையதுதான்.

"நெசந்தான். அந்தம்மாளுக்கு ஒரு போனப் போடு. டப்பாவெல்லாம் மூடி வெக்கச் சொல்லு."

"எந்த டப்பாப்பா?"

"எல்லாத்தையுந்தான். உப்பு ஜாடி, மாவு டப்பா, பீரோ, எல்லாம். ஞாயித்துக்கெழம நானும் உங்கம்மாளும் வர்றோம். எதையும் தொறந்து வெக்க வேண்டாம்னு சொல்லு."